எஸ்எம்பிஎஸ் வோல்டேஜ் ஏறுக்குமாறாகக் காட்டினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

12 வோல்ட் லைனுக்கு 11.1 என்று காட்டியது கண்காணிப்பு மென்பொருள். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) போய்விட்டது என்று நானே முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கி, எல்லாக் கேபிளையும் உருவி, மறுபடி செருகி, ஓட்டிப் பார்த்தேன். அதே 11.1. கழற்றிப் போட்ட பழையது இன்னொரு கணினியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அன்றிலிருந்து யாராவது "வோல்டேஜ் தப்பாக இருக்கிறது" என்று வந்தால் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: அந்த எண்ணை யார் சொன்னது? மென்பொருளா, பயாஸா (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை), மல்டிமீட்டரா?

என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் எஸ்எம்பிஎஸ் நன்றாகவே இருந்தது, எண்தான் பொய். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் காசில்லாத சோதனையை முதலிலும், பையில் கை வைக்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

மீட்டரை எடுக்கும் முன்

ஏடிஎக்ஸ் (மேசைக் கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான பொதுத் தரம்) படி நீண்டகாலமாக இருந்துவரும் எல்லைகள் இவை:

- 12 வோல்ட் (மஞ்சள்): 11.40 முதல் 12.60 வரை
- 5 வோல்ட் (சிவப்பு): 4.75 முதல் 5.25 வரை
- 3.3 வோல்ட் (ஆரஞ்சு): 3.14 முதல் 3.47 வரை
- ஸ்டாண்ட்பை 5 வோல்ட் (ஊதா): 4.75 முதல் 5.25 வரை
- மைனஸ் 12 வோல்ட் (நீலம்): மைனஸ் 10.8 முதல் மைனஸ் 13.2 வரை

கறுப்பு எல்லாம் கிரவுண்டு. 11.8 என்று கண்டால் பயப்பட வேண்டாம், அது எல்லைக்குள்தான்.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு புரோப் வோல்ட் துளையில் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். ஆம்பியர் துளையில் செருகி வைத்துக்கொண்டு மஞ்சள் கம்பியைத் தொட்டால் அது அளப்பதில்லை, ஷார்ட் செய்வது. கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றாமல், கம்பி நுழையும் பின்பக்கம் வழியாகப் புரோப் முனையை இறக்கி, கணினி ஓடும்போதே அளக்க வேண்டும். லோடு (கணினி இழுக்கும் சுமை) இல்லாமல் எடுக்கும் எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

எந்த அறிகுறியாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 முதல் 400 வோல்ட் வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இங்கே சொல்லும் எந்தச் சோதனைக்கும் அந்த மூடியைக் கழற்றத் தேவையில்லை.

அறிகுறி 1: மென்பொருளில் நம்பவே முடியாத எண், ஆனால் கணினி நன்றாக ஓடுகிறது

12 வோல்ட் லைன் 7.2 என்கிறது, 5 வோல்ட் லைன் 3.4 என்கிறது, மைனஸ் 12 இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் 6 இருக்கிறது. கணினியோ எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பிரச்சினை மென்பொருளில்தான். 12 வோல்ட் லைன் உண்மையிலேயே 7.2 ஆக இருந்தால் எஸ்எம்பிஎஸ் தானே அணைந்திருக்கும். நீங்கள் அந்த எண்ணைப் படித்திருக்கவே முடியாது.

*இல்லாத லைனைக் காட்டுகிறதா?* மைனஸ் 5 வோல்ட் 2000களின் தொடக்கத்திலேயே தரத்திலிருந்து போய்விட்டது. மைனஸ் 12ஐப் பல மதர்போர்டுகள் சென்சாரோடு இணைப்பதே இல்லை. இணைக்காத கால் மிதந்துகொண்டிருக்கும். மென்பொருள் அதற்கும் ஒரு பெயர் வைத்து ஓர் எண்ணைப் போட்டுவிடும். மைனஸ் எண்களை விட்டுவிடலாம்.

*எண் அசையவே இல்லையா?* 4.08 அல்லது 2.04 என்று ஆணி அடித்ததுபோல் நிற்கிறதென்றால் அது சென்சாரின் உச்ச வரம்பு. 16 மில்லிவோல்ட் படியாக 255 படி ஏறினால் 4.08, 8 மில்லிவோல்ட் படியென்றால் 2.04. சென்சார் "என்னால் இதற்கு மேல் எண்ண முடியாது" என்கிறது, அவ்வளவுதான்.

*குறைந்தபட்ச மதிப்பில் மட்டும் ஒரு கோணல் எண்ணா?* மற்ற நேரமெல்லாம் 12.1, ஒரே ஒரு தடவை 8.5. இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரே சமயத்தில் ஒரே சிப்பைக் கேட்டால் இப்படிக் குளறும். மதர்போர்டோடு வந்த விளக்கு அலங்கார மென்பொருளும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடிவிட்டு ஒரு நாள் பாருங்கள்.

*லினக்ஸில் வரிசையாக "அலாரம்" என்று வருகிறதா?* பக்கத்தில் இருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச எல்லைகளைப் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் யாரும் எல்லையே அமைக்கவில்லை. எந்த எண் வந்தாலும் அலாரம் அடிக்கத்தான் செய்யும்.

*எண் கொஞ்சம் மட்டும் தப்பு, ஆனால் எப்போதும் ஒரே அளவு தப்பா?* என் 11.1 இந்த வகைதான். சென்சார் சிப்பால் 12 வோல்ட்டை நேரடியாகப் பார்க்க முடியாது. மதர்போர்டு அதை ரெசிஸ்டர்களால் சுருக்கி ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். மென்பொருள் திரும்பப் பெருக்கிக் காட்டும். அந்தப் போர்டில் 12ஆல் பெருக்க வேண்டும், மென்பொருள் 11ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. சென்சார் பார்த்தது 1.008, சரியாகப் பெருக்கினால் 12.096, தப்பாகப் பெருக்கினால் 11.088. இதற்குத்தான் நான் ஒரு புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன்!

சரிபார்ப்பது சுலபம். பயாஸில் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். போர்டு தயாரித்தவருக்குப் பெருக்கல் கணக்கு தெரியும். மென்பொருள் 11.1, பயாஸ் 12.1 என்றால் பயாஸ் பக்கம் நில்லுங்கள். மீட்டரால் அளந்த எண்ணை மென்பொருள் எண்ணால் வகுத்தால் பெருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். பல மென்பொருள்களில் அதை அமைப்பில் போட இடம் உண்டு.

அறிகுறி 2: 12.000, 12.096, 11.904 என்று குதித்துக்கொண்டே இருக்கிறது

குறையே இல்லை. 8 மில்லிவோல்ட் படியை 12ஆல் பெருக்கினால் 0.096. அந்தச் சென்சாருக்கு அதைவிடச் சிறிய எண் தெரியாது. ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் காட்டுவதால் துல்லியம் என்று நினைத்துவிடுகிறோம்.

இதே வரிசையில் வீகோர் என்ற எண்ணையும் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். 1.35, பிறகு 0.8, மறுபடி 1.2. அது எஸ்எம்பிஎஸ் தருவதல்ல. 12 வோல்ட்டிலிருந்து மதர்போர்டு தானே தயாரித்து பிராசசருக்குக் கொடுப்பது. வேலைக்கு ஏற்ப மாறத்தான் வேண்டும்.

அறிகுறி 3: மல்டிமீட்டரே அதிகமாகக் காட்டுகிறது

12.9, 5.37, 3.55. மூன்றுமே எல்லைக்கு வெளியே. ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்: மூன்றும் ஏறக்குறைய ஒரே ஏழரை சதவீதம் கூடியிருக்கின்றன. ஓர் எஸ்எம்பிஎஸ் கெட்டால் எல்லா லைனும் இவ்வளவு ஒழுங்காக ஒரே விகிதத்தில் ஏறுவது அபூர்வம். சந்தேகப்பட வேண்டியது மீட்டரை.

மீட்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தால் விலை குறைந்த மீட்டர்கள் நிஜத்தைவிட அதிகமாகக் காட்டும். ஒரு புது ஏஏ பேட்டரியை அளந்து பாருங்கள். 1.6ஐ ஒட்டி வர வேண்டும். 1.75, 1.8 என்று வந்தால் மீட்டர் பேட்டரியை மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டியதுதான். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் கூட ஆகாது. நான் இப்போதெல்லாம் முதலில் பேட்டரியை அளக்காமல் கணினியை அளப்பதில்லை.

12 வோல்ட் லைனில் 26 என்று வந்தால் மீட்டர் ஏசியில் இருக்கிறது. சாதாரண மீட்டர்கள் ஏசி நிலையில் டிசியைத் தொட்டால் இரு மடங்குக்கும் மேல் காட்டும். புரோப்பைத் திருப்பிப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். எண் நிலையில்லாமல் ஆடினால் புரோப் முனை கம்பியின் உலோகத்தில் சரியாகப் படவில்லை.

மீட்டர் பேட்டரியும் புதிது, இன்னொரு மீட்டரும் அதையே சொல்கிறது, 12 வோல்ட் 12.6ஐத் தாண்டுகிறது என்றால் உடனே அணைத்து, அந்த எஸ்எம்பிஎஸ்ஸை ஒதுக்கிவிடுங்கள். குறைவான வோல்டேஜ் கணினியை அணைக்கும். கூடின வோல்டேஜ் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

அறிகுறி 4: சும்மா இருக்கும்போது 12.1, கேம் ஓட்டினால் 11.3

இங்கேதான் மீட்டர் தன் சம்பளத்துக்கு வேலை செய்யும். லோடு ஏறும்போது 0.1, 0.2 வோல்ட் இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஒருசேர வேலை வாங்கும் சோதனையை ஓட விட்டு, மூன்று இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்: எதிலும் செருகாமல் தொங்கும் ஒரு நான்கு கால் கனெக்டர், மதர்போர்டுக்குப் போகும் 24 கால் கனெக்டரின் பின்பக்கம், கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் கனெக்டரின் பின்பக்கம்.

*தொங்கும் கனெக்டரில் 12.05, கிராபிக்ஸ் கார்டு பக்கம் மட்டும் 11.4.* எஸ்எம்பிஎஸ் சரியாகத்தான் தருகிறது; வழியில் காணாமல் போகிறது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்தக் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் என்றால் ஓரிரு துளைகளின் ஓரம் டீக்கறைபோல் பழுப்பாக இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக்கில் நிறம் தெரியாது. ஆனால் துளையின் விளிம்பு மழுங்கி லேசாக உருகியிருக்கும், முகர்ந்தால் கருகல் தெரியும். ஒரு கனெக்டர் வழியாக 12 ஆம்பியர் போகும்போது தளர்ந்த தொடர்பில் 0.3 வோல்ட் விழுந்தால், நகக்கண் அளவு இடத்தில் 3.6 வாட் சூடு. பிளாஸ்டிக் எத்தனை நாள் தாங்கும்?

முதலில் நன்றாக அழுத்திச் செருகிப் பாருங்கள். கிளிப் மாட்டும் சத்தம் கேட்க வேண்டும். இடையில் ஏதாவது அடாப்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே கேபிளின் இரண்டு தலைகளைக் கார்டில் செருகியிருந்தால் இரண்டு தனிக் கேபிள்களாக மாற்றுங்கள். அடுத்து கிரவுண்டையும் அளங்கள்: ஒரு புரோப் கார்டு கனெக்டரின் கறுப்பில், இன்னொன்று தொங்கும் கனெக்டரின் கறுப்பில். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. 200 மில்லிவோல்ட் என்றால் கோளாறு திரும்பி வரும் பாதையில். மஞ்சளை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

பழுத்த கனெக்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்பச் செருகாதீர்கள். கேபிளை மாற்ற வேண்டும். கார்டு பக்கத்துக் கால்களும் கருகியிருந்தால் அது சால்டரிங் தெரிந்த பழுதுபார்ப்பவர் வேலை.

*மூன்று இடத்திலும் சேர்ந்து இறங்குகிறது, 11.4க்குக் கீழே போகிறது.* இப்போதுதான் எஸ்எம்பிஎஸ்ஸைக் குற்றம் சொல்லலாம். கணினிக்கு அது போதாமல் இருக்கலாம், அல்லது கெப்பாசிட்டர்கள் வயதாகியிருக்கலாம். காற்றோட்டத் துளையில் தூசு அடைத்திருந்தால் வெளியிலிருந்து ஊதிப் பாருங்கள். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. உத்தரவாதம் இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

அறிகுறி 5: 12 ஏறுகிறது, 5 இறங்குகிறது

12.5, 4.78. ஒன்று கூரையைத் தொடுகிறது, இன்னொன்று தரையைத் தொடுகிறது. பழைய அல்லது மலிவான எஸ்எம்பிஎஸ்களில் இரண்டு லைன்களையும் ஒரே கட்டுப்பாட்டுச் சுற்று பிடித்திருக்கும், ஒரு மூக்கணாங்கயிற்றில் இரண்டு மாடுகளைக் கட்டியதுபோல. 5 வோல்ட்டில் சுமை அதிகமாகி 12இல் குறைந்தால் இப்படி எதிரெதிராக விலகும். நிறைய டிஸ்க்கும் யுஎஸ்பி சாதனங்களும் கொண்ட பழைய கணினிகளில் பார்க்கலாம்.

யுஎஸ்பி சாதனங்களைக் கழற்றிவிட்டு அளங்கள். இரண்டும் நடுவை நோக்கி வந்தால் கெட்டுப்போகவில்லை. அதன் குணமே அது. எல்லைக்குள் இருக்கும்வரை ஓட்டலாம். கழற்றியும் திரும்பவில்லை என்றால் மாற்றும் நேரம்.

5உம் 3.3உம் மதர்போர்டிலேயே தயாராகும் கணினிகளும் உண்டு. மதர்போர்டுக்கு 24 காலுக்குப் பதில் 10 கால் கனெக்டரும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் மட்டும் வருவதும் அடையாளம். அவற்றில் 5 வோல்ட் தாழ்ந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பயனில்லை. போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி 6: கேபிளை மாற்றியதும் வோல்டேஜ் இடம் மாறித் தெரிகிறது

எதையும் இயக்காதீர்கள். கழற்றி மாட்டும் கேபிள்களில் எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கால் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. ஒரு மாடலின் கேபிள் இன்னொன்றில் கச்சிதமாகச் செருகும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போகும். டிஸ்க் செருகும் முன் அளந்து பார்த்திருந்தால் தப்பித்தீர்கள். அந்தப் பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர வேறெதையும் பயன்படுத்த வேண்டாம்.

அறிகுறி 7: பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை

சுவிட்ச், எக்ஸ்டென்ஷன் பெட்டி, எஸ்எம்பிஎஸ் பின்னாலிருக்கும் சிறிய சுவிட்ச். இவற்றைப் பார்த்தாயிற்று என்று சொல்லாதீர்கள், மறுபடி பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுத் திரும்பக் கொடுங்கள். பாதுகாப்புச் சுற்று ஒருமுறை பூட்டிக்கொண்டால் இப்படித்தான் விடுபடும்.

அப்புறம் ஊதாக் கம்பி. கணினி அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும்.

*பூஜ்யம்.* 24 கால் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது 5 வந்தால் மதர்போர்டில் ஷார்ட், பழுதுபார்ப்பவரிடம் போங்கள். அப்போதும் பூஜ்யம் என்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது.

*4.5, 4.6.* ஸ்டாண்ட்பை பகுதி அணைப்பே இல்லாமல் ஓடுவதால் அங்கிருக்கும் கெப்பாசிட்டர்கள் முதலில் வயதாகும். பல தடவை அழுத்தினால் ஒரு தடவை உயிர் வருகிறது, தூக்க நிலையிலிருந்து எழ மறுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

*5.25க்கு மேல்.* பிளக்கைப் பிடுங்குங்கள். இந்த லைன் கணினி அணைந்திருக்கும்போதும் மதர்போர்டை ஊட்டிக்கொண்டிருக்கிறது. கூடினால் போர்டைத் தின்றுவிடும்.

*சரியாக 5.* பச்சைக் கம்பியை (எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும் கம்பி) 24 கால் கனெக்டரில் கறுப்போடு இணைக்கும் பிரபலமான கம்பிச் சோதனைக்கு வரலாம். மின்சாரத்தை நிறுத்தி, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லாத் தலைகளையும் கணினியிலிருந்து கழற்றி, ஒரு பழைய ஃபேனையோ ஹார்ட் டிஸ்க்கையோ மட்டும் லோடாக மாட்டுங்கள். சில பழைய பெட்டிகள் லோடு இல்லாமல் ஓடாது. கம்பி எல்லாம் கறுப்பாக இருந்தால் கிளிப் இருக்கும் பக்கத்து வரிசையைப் பாருங்கள். அதில் பெரும்பாலான பெட்டிகளில் ஒரு துளை காலியாக இருக்கும். காலித் துளையின் ஒரு பக்கம் நான்கு கால்கள், மறுபக்கம் ஏழு. ஏழு இருக்கும் பக்கம் மூன்றைத் தாண்டி நான்காவது பச்சை. அதையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்து மின்சாரம் கொடுங்கள்.

ஃபேன் சுற்றவில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். சூடு ஏறினால்தான் ஃபேனைச் சுற்றும் மாடல்கள் ஏராளம். மஞ்சளை அளங்கள். 12 இருந்தால் எஸ்எம்பிஎஸ் எழுகிறது; பட்டனையும் போர்டையும் பார்க்கலாம். ஒரு துள்ளு துள்ளி நின்றால் உள்ளே ஷார்ட். இந்தச் சோதனையில் எல்லாம் சரியாக வந்தாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று நற்சான்று தரமாட்டேன். எழுகிறது, அவ்வளவுதான்; சுமை தூக்குமா என்பது வேறு கேள்வி.

அறிகுறி 8: எல்லா எண்ணும் சரி, ஆனாலும் திடீரென்று அணைகிறது

தலைவலி பிடித்த வகை. சாதாரண மீட்டர் விநாடிக்கு இரண்டு, மூன்று தடவைதான் பார்க்கிறது. கிராபிக்ஸ் கார்டு சில மில்லிவிநாடிக்கு இழுக்கும் மின்னோட்டம் அதன் கண்ணில் படாது. 12 வோல்ட் லைனில் அனுமதிக்கப்பட்ட ரிப்பிள் (டிசி மேல் ஏறி இறங்கும் சிற்றலை) 120 மில்லிவோல்ட், 5இலும் 3.3இலும் 50. அதை மீறியிருக்கிறதா என்று ஆஸிலாஸ்கோப் (வோல்டேஜின் வேகமான மாற்றத்தை வரைந்து காட்டும் கருவி) இல்லாமல் சொல்ல முடியாது.

கையில் இருப்பதை வைத்து ஆகக்கூடியது: சாம்பல் கம்பியை அளங்கள்; "வோல்டேஜ் எல்லாம் சரி" என்று எஸ்எம்பிஎஸ் போர்டுக்குச் சொல்லும் கம்பி அது. ஓடும்போது 5ஐ ஒட்டி இருக்க வேண்டும், 2.4க்குக் கீழே போனால் போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கிராபிக்ஸ் கார்டின் மின் வரம்பை மென்பொருளில் முப்பது சதவீதம் குறைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். அணைவது நின்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. நிற்கவில்லை என்றால் ரேமையும் சூட்டையும் பாருங்கள். யுபிஎஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு நேராகச் சுவரிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மின்சாரம் அறுந்தால் எஸ்எம்பிஎஸ் தாங்கும் இடைவெளி சுமார் 16, 17 மில்லிவிநாடிதான், மெதுவாக மாறும் யுபிஎஸ் அதைத் தவறவிடும்.

கடைசியில் மிஞ்சுவது மாற்றுச் சோதனை: நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை, அதன் கேபிள்களோடு, இரண்டு நாள் கடன் வாங்கி மாட்டுவது. மணிக்கணக்கில் அளப்பதைவிட இது நேர்மையான பதில் தரும்.

அறிகுறி 9: கேபினட்டைத் தொட்டால் விறுவிறுக்கிறது, எர்த்துக்கு அளந்தால் 100க்கு மேல்

மீட்டரை ஏசியின் மேல் வரம்பில் வைத்துக் கேபினட்டுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி வருகிறது. 230 வோல்ட் வரும் இடத்தில் 110ஐ ஒட்டி. எஸ்எம்பிஎஸ் ஒழுகுகிறது என்று தூக்கிப் போட வேண்டாம். மின் இரைச்சலை வடிகட்ட உள்ளே இருக்கும் இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பாதியாகப் பிரித்து நடுப்புள்ளியைக் கேபினட்டோடு கட்டியிருக்கின்றன. எர்த் இருந்தால் அது சத்தமில்லாமல் தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்தால் உங்கள் விரல்தான் வழி.

மூன்று பின் பிளக்கை இரண்டு துளைப் பெட்டியில் செருகியிருக்கிறீர்களா, எக்ஸ்டென்ஷனில் எர்த் கம்பி இருக்கிறதா, பவர் கார்டை மாற்றினால் போகிறதா என்று பாருங்கள். சுவர்த் துளையில் நேராகச் செருகியும் அதே எண் வந்தால் வீட்டு எர்த்திங்கில் கோளாறு. பாதியல்ல, முழு மின்சாரமே கேபினட்டில் தெரிந்தால் உண்மையான கசிவு. இரண்டிலும் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கணினி பிளக்கில் இருக்கக் கூடாது.